அச்சுக்கு முன் பார்த்தவர்கள்

கண்டியில் தமிழில் ஒரு பத்திரிகை தொடங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, என்ன எழுதப் போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: பின்னால் யார் இருக்கிறார்கள்?

பத்திரிகைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடமும் அதைத்தான் கேட்பார்கள். தலைப்பு வைப்பது, படம் பிடிப்பது, பக்கம் அமைப்பது எல்லாவற்றையும் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள் என்பதையும் பார்த்துவிட்டேன். நான் சொல்ல வந்தது சந்தேகத்தைப் பற்றி. ஊர் நம்மைச் சந்தேகிக்கும், நாம் ஊரைச் சந்தேகிப்போம். என்றாவது ஒரு நாள் நம் அறைக்குள்ளேயே ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்ப்போம். அந்த நாளில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பவர்கள் குறைவு. நானும் யோசித்து வைத்திருக்கவில்லை.

கொழும்பில் ஒரு நாளிதழில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். கொழும்புப் பத்திரிகைக்குக் கண்டி என்றால் பெரஹரா ஊர்வலமும் மண்சரிவும்தான். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கே மனிதர்கள் இருப்பதாகவே தெரியாது. குழாயில் தண்ணீர் வராத தெரு, கணித ஆசிரியர் இல்லாத தமிழ்ப் பாடசாலை, நிறுத்தாமல் போகிற பஸ் இதையெல்லாம் யார் எழுதுவது? இதை நான் புலம்பியது பாரூக் நானாவிடம். நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். முஸ்லிம்கள் அதிகம் வாழும் அலவத்துகொடைக்காரர். நகரத்தில் போட்டோகொப்பியும் சிறிய அச்சு வேலைகளும் செய்யும் கடை வைத்திருந்தார். மேல்மாடியில் உடைந்த கதிரைகளும் பழைய அலுமாரியும் கிடந்த ஒரு அறையைத் திறந்துவிட்டு, பக்கங்களைத் தானே கணினியில் அமைத்துத் தருவதாகச் சொன்னார். பெரிய அச்சகத்தில் அடிப்பதற்கும் ஏற்பாடு செய்தார்.

முதல் இதழை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். ஒரு மளிகைக் கடைக்காரர் முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், அடியில் சிறிய எழுத்தில் இருந்த பாரூக் நானாவின் கடைப் பெயரைக் கண்டுபிடித்தார். முஸ்லிம் ஆட்களின் பேப்பரா என்று கேட்டுவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். அதே இதழை அலவத்துகொடையில் ஒருவர் விரித்து, ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு, இது இந்து ஆட்களின் பேப்பர்தானே என்று பாரூக் நானாவிடம் கேட்டிருக்கிறார். தோட்டங்களில் அது டவுன் முதலாளிமாரின் பேப்பர். ஓர் அரச அலுவலகத்தில், எந்த வெளிநாட்டு நிறுவனம் உங்களுக்கு உதவுகிறது என்று சிங்களத்தில் மிகப் பணிவாக விசாரித்தார்கள். பாரூக் நானா சிரித்தார். ஆளுக்கு ஒருவரைச் சந்தேகிக்கிறார்கள் என்றால் நாம் சரியான இடத்தில்தான் நிற்கிறோம் என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

நம்மை முதலில் நம்ப வைத்தவை பெரிய செய்திகள் அல்ல. தண்ணீர் வெட்டு நேரங்களும் மரண அறிவித்தல்களும்தான். அதிலும் சந்தேகம் விட்டதா? எந்தச் சமூகத்தின் அறிவித்தல் மேலே வருகிறது, எது கீழே போகிறது என்று விரலால் அளந்து பார்த்தவர்கள் உண்டு. கடைசியில், நமக்கு எது முதலில் வந்து சேர்ந்ததோ அதுவே மேலே வரும் என்று முடிவு செய்து, அதை அச்சிலேயே அறிவித்தோம். ஒரு தடவை ஊரின் பெரிய முஸ்லிம் வியாபாரி ஒருவரின் ஜனாஸா அறிவித்தல், தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு அம்மாவின் அறிவித்தலுக்குக் கீழே வந்தது. வியாபாரியின் மகன் அறைக்கு வந்து நின்றார். பாரூக் நானா விதியைக் காட்டினார். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த இதழிலிருந்து அவருடைய கடையில் நம் பத்திரிகை தொங்கியது.

விதியை வெளியே சொல்லிவிட்டால் சந்தேகம் பாதியாகக் குறையும் என்பதை நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஆனால் அதை நம் அறைக்குள்ளும் செய்ய வேண்டும் என்பது எனக்கு வெகு காலம் தோன்றவில்லை.

அறையில் நாங்கள் நான்கு பேர் ஆனோம். மூன்றாவதாக வந்தவள் சுகந்தி. ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டத்துப் பெண். பாடசாலையில் உயர்தரம் முடித்துவிட்டு நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றவள். தன் தோட்டத்துப் பாலம் உடைந்ததைப் பற்றி அவளாகவே எழுதிக்கொண்டு வந்தாள். வாசித்த அன்றே, துணிக்கடைக்குத் திரும்பிப் போகாதே என்று சொல்லிவிட்டேன். நான்காவது ஆள் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கட்டுகஸ்தோட்டையில் இருந்தார். முதல் இதழில் இருந்த எழுத்துப் பிழைகளைத் தாங்க முடியாமல் தானே தேடி வந்து, அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைத் தன் வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டார். அன்றிலிருந்து புரூப் பார்ப்பது, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவது, அவர் வேலையானது. சம்பளம் பற்றிப் பேச விடவே மாட்டார்.

அந்த நாட்களில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் எழுதிய சில செய்திகள் அச்சாகும் முன்னமே கரைந்து போயின. பாடசாலை வாசலில் திறந்து கிடந்த குழியைப் பற்றி எழுதினோம். படம் எடுக்கப் போனால் குழி மூடியிருந்தது. சந்தையில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருந்ததை எழுதினோம். பக்கம் தயாரான மறுநாள் பூட்டு இல்லை. பத்திரிகைக்கு அவ்வளவு பயம் வந்துவிட்டதா என்று நான் உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு. பாரூக் நானா மட்டும் ஒருநாள் படியில் இறங்கும்போது நின்று, "தங்கச்சி, இது நல்லதா கெட்டதா எண்டு வெளங்கல்ல. நாங்க எழுதினது இன்னும் வெளியே போகல்லயே. அவங்களுக்கு யார் செல்லிய?" என்று கேட்டார். அன்று அந்தக் கேள்வி எனக்குள் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

பிறகுதான் ஹோட்டல் விஷயம் வந்தது.

சுகந்தியின் தோட்டத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு விடுமுறை ஹோட்டல் கட்டியிருந்தார்கள். அது திறந்த பிறகு, கீழே தொழிலாளர்கள் வாழும் லய வீடுகளுக்கு மலை ஓடையிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் சில நாட்களில் நுரை வந்தது. குழந்தைகளுக்கு உடம்பில் சொறி. தண்ணீர் எங்கே கெடுகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொன்னவர் விஜயா. அந்த லயத்திலிருந்து ஹோட்டலில் துணி துவைக்கும் வேலைக்குப் போன ஒரே ஆள். துவைக்கிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக நேரே ஓடையில் விடப்படுவதையும், அது எந்த நாட்களில் என்பதையும் சுகந்தியிடம் சொல்லியிருந்தார். தன் பெயர் வரக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

சுகந்தி நன்றாக எழுதியிருந்தாள். விஜயாவின் பெயர் எங்கும் இல்லை. மாஸ்டரிடமிருந்து திருத்தம் முடிந்து பக்கம் என் கைக்கு வந்தது. வாசித்துக்கொண்டு போனவள் ஒரு வரியில் நின்றேன். "பெட்ஷீட் கழுவுற நாள்ல மட்டும் தண்ணி கெட்டுப் போவுது" என்று யாரோ சொன்னதாகச் சுகந்தி எழுதியிருந்ததை மாஸ்டர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "படுக்கை விரிப்புகள் வெளுக்கப்படும் நாட்களில்" என்று மேலே எழுதியிருந்தார். அவருக்குப் பெட்ஷீட் என்ற சொல் பிடிக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது. மறுகணம் சிரிப்பு நின்றது. துவைக்கிற நாள் எதுவென்று லயத்தில் யாருக்குத் தெரியும்? துவைப்பவருக்குத்தான் தெரியும். பெயர் இல்லை என்றாலும் அந்த வரிக்குள் விஜயா முழு உருவத்தோடு நின்றுகொண்டிருந்தார். அந்த வரியையும் மேலே இருந்த திருத்தத்தையும் ஓர் எழுத்தும் தெரியாதபடி மையால் அடித்துவிட்டுத்தான் பக்கத்தைப் பாரூக் நானாவிடம் திருத்தக் கொடுத்தேன்.

இதை நன்றாக நினைவில் வையுங்கள். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது யாருக்கெல்லாம் தெரிந்திருக்க முடியும் என்று கேளுங்கள். ஒருவருக்கு மட்டும்தான் என்றால் அந்த வரியும் ஒரு பெயர்தான்.

என் திட்டம் இப்படி இருந்தது: சுகந்தி இன்னும் சில குடும்பங்களோடு பேச வேண்டும், தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், எந்த ஒரு ஆள்மேலும் பார்வை விழாதபடி செய்தி திரண்ட பிறகு, நானே ஹோட்டலுக்குப் போய் விளக்கம் கேட்க வேண்டும். அவர்கள் பக்கத்தைக் கேட்காமல் அச்சிடும் எண்ணம் எனக்கு இல்லை. எப்போது கேட்பது என்பதில்தான் விஜயாவின் வேலை தங்கியிருந்தது.

இரண்டு நாட்கள்கூட ஆகவில்லை. காலையில் படியேறி வந்த சுகந்தியின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டேன்.

"அக்கா, விஜயாக்காவ வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

காரணம் எதுவும் சொல்லவில்லையாம். வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றத் துவைக்கும் பெண்களுக்கு வேலை இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை.

சுகந்தி அறையின் நடுவில் நின்று பாரூக் நானாவைப் பார்த்தாள். அந்த ஹோட்டலின் உணவுப் பட்டியல் அட்டைகளை அடித்துக் கொடுப்பது அவருடைய கடைதான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதுவரை யாரும் அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததில்லை. "நான் யாரையும் சொல்லல நானா," என்றாள் சுகந்தி. "ஆனா அவங்க ஆளுங்க உங்க கடைக்குத்தான் வாராங்க."

பாரூக் நானா கணினியிலிருந்து திரும்பினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "மெனு அடிச்சது உண்மதான். அதுக்காக நான் காட்டிக் குடுக்கிய ஆளா? ஒங்கட மாமாட மகன் அந்த ஹோட்டல் கேட்டில நிக்கிய. அத நான் கேட்டேனா?"

சுகந்தியின் மாமன் மகன் அங்கே காவலாளியாக இருந்ததும் உண்மைதான். அதன் பிறகு பேச்சு இறங்கத் தொடங்கியது. உங்கள் ஆட்கள், எங்கள் ஆட்கள் என்ற சொற்கள் அந்த அறையில் அன்றுதான் முதல்முதலாக வந்தன. தோட்டத்தில் ஒரு வாய் திறந்தால் லயமெல்லாம் கேட்கும் என்றார் அவர். கடைக்காரருக்குக் கடைதான் பெரிது என்றாள் அவள். கடைசியில், பக்கங்கள் இனி இந்தக் கடையில் செய்யப்பட்டால் தான் எழுத மாட்டேன் என்று சுகந்தி சொல்ல, அப்படியென்றால் அறையையும் வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாரூக் நானா சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அங்கே தீர்ப்புச் சொல்லியிருந்தால் யாரோ ஒருவர் பக்கம் சாய்ந்திருப்பேன். இருவருமே சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. இந்த இதழில் ஹோட்டல் செய்தி வராது, மற்றப் பக்கங்களை முடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஹுன்னஸ்கிரியவுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவுடன் என் மூளை தன் வேலையைத் தொடங்கியது. போன வாரம் பாரூக் நானா போனில் பேசிக்கொண்டே வெளியே போனாரே, யாரோடு? சுகந்தி புது போன் வைத்திருக்கிறாளே, எப்படி? பாடசாலைக் குழி மூடப்பட்ட கதையை முதலில் கேள்வியாக எழுப்பியவரே பாரூக் நானாதானே, தன்மேல் சந்தேகம் வராமல் இருக்கத்தான் அப்படிக் கேட்டாரோ? தெல்தெனிய தாண்டுவதற்குள் இரண்டு பேர்மேலும் குற்றப்பத்திரிகையே எழுதி முடித்துவிட்டேன். இரண்டும் அழகாகப் பொருந்தின. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரே தவறுக்கு இரண்டு பேரும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறார்கள் என்றால், என் மனம் தனக்கு வேண்டியதைத்தான் தைக்கிறது. மலையேறும் வளைவுகளில் என்னை நானே நிறுத்தினேன். ஆள் யார் என்று கேட்காதே, செய்தி எந்த வழியாகப் போயிருக்கிறது என்று மட்டும் பார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

ஹோட்டல் முகாமையாளர் தமிழர், கண்டி நகரத்துப் பிள்ளை. என்னை எதிர்பார்த்தவர்போல எழுந்து நின்றார்.

"வாங்க மிஸ், உக்காருங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

விளக்கம் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். அதற்குத் தேவையே இல்லை, தவறுதலாக நடந்துவிட்டது, குழாயை மாற்றியாயிற்று என்று அவரே என்னைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். உண்மைதான். ஓடைப் பக்கம் போன குழாய் அறுக்கப்பட்டு, புதிதாக வெட்டிய குழிக்குத் திருப்பப்பட்டிருந்தது. மண் இன்னும் ஈரமாக இருந்தது. துவைக்கும் இடத்தில் நின்ற பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. விஜயாவைப் பற்றிக் கேட்டேன். அவராகவே நின்றுவிட்டார் என்றார், குழாயைப் பார்த்துக்கொண்டே.

திரும்பி வந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவர் சற்றுக் குறைபட்டுக்கொண்டார். "ஒண்ணு மட்டும் மிஸ். படுக்கை விரிப்புகள் வெளுக்கிற நாள்லதான் தண்ணி கெடுதுன்னு எழுதியிருக்கீங்களாம். நாங்க சோப்புக் கூடப் பாத்துத்தான் போடுறோம்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தேன்.

கண்டியில் எந்த ஹோட்டல்காரர் படுக்கை விரிப்பு என்று சொல்வார்? சுகந்தி எழுதியது பெட்ஷீட். பாரூக் நானாவின் கணினிக்குப் படுக்கை விரிப்பு போகவே இல்லை, அதற்கு முன் நான் அந்த வரியை அடித்துவிட்டேன். அந்தச் சொல் இருந்தது ஒரே ஒரு தாளில், ஒருவருடைய கையெழுத்தில். அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான்.

மாஸ்டரை நான் ஒரு கணம்கூடச் சந்தேகித்திருக்கவில்லை. பஸ்ஸில் வந்தபோது என் பட்டியலில் அவர் இல்லவே இல்லை. சம்பளம் வாங்காதவர், வயதானவர், மரியாதையானவர், வீட்டில் இருப்பவர். நாம் யாரைச் சந்தேகிக்காமல் விடுகிறோம் என்பதிலும் நம் பாரபட்சம் இருக்கிறது.

மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். அவர் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. ஹோட்டலோடு பேசினீர்களா என்று கேட்டேன். அவர் ஒளிக்கவும் இல்லை.

"ஓம் பிள்ளை, நான்தான் கதைச்சனான். அவன் என்னட்டைப் படிச்ச பெடியன். பேப்பரிலை வரப்போகுது, அதுக்கு முதல் திருத்திப்போடு எண்டு வாசிச்சுக் காட்டினனான். திருத்திப்போட்டானோ?"

திருத்திவிட்டார் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பாடசாலைக் குழி, சந்தைக் கழிப்பறை எல்லாம் அவர் எடுத்த அழைப்புகள்தான். நகரத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மாஸ்டர் சொன்னால் தட்ட மாட்டார்கள். ஊரில் ஒரு தடவை ஒரு கடைக்காரரைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் வந்ததாம். சரியா பிழையா என்று யாரும் கேட்பதற்கு முன் கடை எரிந்துவிட்டதாம். பிறகு தெரியவந்தது, அது வேறு ஆள். அச்சில் வந்த பிறகு யாருக்கும் திருந்த இடமில்லை என்றார். முதலில் ஆளுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும், அதுதான் மனிசத்தனம் என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு மறுக்க முடியாத ஒரு பகுதி இருந்தது. தண்ணீர் சுத்தமாகிவிட்டது, அதுவும் நம் பத்திரிகை வரும் முன்பே.

"மாஸ்டர், நீங்க ஹோட்டலோட கதைச்சீங்க," என்றேன். "விஜயாவோட யார் கதைச்சது?"

அவருக்குப் பெயர் புரியவில்லை. நான் விளக்கினேன். வரியையும் சொன்னேன், அந்த வரி யாரைக் காட்டிக்கொடுத்தது என்பதையும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்கு வேலை போயிட்டுதோ?"

என்று கேட்டபடியே எழுந்து போனை எடுத்து முகாமையாளருக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். மாஸ்டரின் அழைப்பை எடுக்காத மாணவன் இருக்க முடியும் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது என்று நினைக்கிறேன். மூன்றாவது தடவையும் அழைக்கப் போனார். நான் போனை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

இனிப் பக்கங்களை அச்சுக்கு முன் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அவரை நான் இன்றும் மதிக்கிறேன். அந்த முடிவை இன்றும் மாற்ற மாட்டேன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கலாம். அவர் விலகிய பிறகு நம் பத்திரிகையில் லகர ளகரப் பிழைகள் கூடின. வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டோம்.

சுகந்தியையும் பாரூக் நானாவையும் ஒன்றாக உட்காரவைத்து, நடந்ததை அப்படியே சொன்னேன். தனித்தனியே சொல்லியிருந்தால் இன்னொரு சந்தேகம் பிறந்திருக்கும். இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த பக்கத்தைத் திறக்க முடியுமா நானா என்று சுகந்தி கேட்டாள். அவர் திறந்து கொடுத்துவிட்டுத் தன் கதிரையை அவளுக்கு விட்டு எழுந்து நின்றார். அன்று பேசிய வார்த்தைகள் முழுவதும் மறைந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் ஹோட்டல் என்ற சொல் வரும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

இனி செய்தியை என்ன செய்வது? குழாய் மாறிவிட்டது. விஜயாவுக்கு வேலை போய்விட்டது. அச்சிட்டால் அவருக்கு இன்னும் கெடுதல் வருமா? அச்சிடாவிட்டால் நாமும் சேர்ந்து அவரை மறைத்தவர்கள் ஆவோமா? இதை அறையில் இருந்துகொண்டு முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. நானும் சுகந்தியும் லயத்துக்குப் போனோம்.

விஜயா எங்களை உள்ளே அழைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார். செய்தி எந்த வழியாக வெளியே போனது என்பதை நான் முழுவதும் சொன்னேன். யார் என்பதையும் சொன்னேன். எங்கள் பக்கத்திலிருந்துதான் போனது என்பதில் எந்தப் பூச்சும் பூசவில்லை. பக்கத்து வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தி அழத் தொடங்கினாள். விஜயா அவளைப் பார்த்தார், ஆறுதல் சொல்லவில்லை.

"பேரு வேணாம்னு சொன்னேன். பேரில்லாமதான் புடிச்சிட்டாங்களே," என்றார். "இனிமே பேரோட போடுங்க. நான் சொன்னது பொய்யின்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது."

யோசித்துச் சொல்லுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்றேன். யோசித்தாயிற்று என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு வரியையும் சுகந்தி அவருக்கே வாசித்துக் காட்டினாள். ஓரிடத்தில் திருத்தினார். நுரை என்று போடாதே, சோப்பு வாடை என்று போடு, எனக்குத் தெரிந்தது அதுதான் என்றார்.

செய்தி அவர் பெயரோடு வந்தது. ஹோட்டலின் பதிலும் பக்கத்திலேயே வந்தது. அவர்கள் விஜயாவைத் திரும்ப எடுக்கவில்லை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பெயர் வாங்குவதற்காகச் செய்தாள் என்று லயத்திலேயே சிலர் பேசினார்கள். பல மாதங்கள் கழித்துத் தெல்தெனியவில் ஒரு பேக்கரியில் அவருக்கு வேலை கிடைத்தது. நம்மால் அல்ல, அவராகவே தேடிக்கொண்டார். பீலித் தண்ணீர் அதன் பிறகு கெடவில்லை. நமக்கு விளம்பரம் தந்த சிலர் விலகிக்கொண்டார்கள். தோட்டங்களில் பத்திரிகை கேட்பவர்கள் கூடினார்கள். இதில் எது எதற்கு ஈடு என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு விதி வைத்தோம். யாராவது நம்மிடம் ரகசியமாகப் பேச வந்தால், அவர் வாயைத் திறப்பதற்கு முன், அச்சுக்கு முன் அதைப் பார்க்கப் போகிறவர்களின் பெயர்களை அவருக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெயர்களுக்கு அப்பால் ஒருவருக்கும் போகாது. அவர்களில் யாரையாவது வேண்டாம் என்றால், அவர் பார்க்க மாட்டார். இப்போது நீங்களும் அதைத்தான் பின்பற்றுகிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விதியை வைத்த பிறகு முதலில் வந்தவர் இன்னொரு தோட்டத்துப் பெண். பிள்ளைக் காப்பகத்தில் நடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று சுகந்தியை அழைத்திருந்தார். சுகந்தி பெயர்களைச் சொன்னாள். தான், பாரூக் நானா, ஆசிரியர். அந்தப் பெண் யோசித்துவிட்டு, பாரூக் நானா பார்க்கட்டும், தன் அத்தையின் மரண அறிவித்தலை ஒழுங்காகப் போட்டவர் அவர் என்றாராம். ஆசிரியர் மட்டும் வேண்டாம், அவரைத் தனக்குத் தெரியாது.

சுகந்தி தயங்கித் தயங்கித்தான் என்னிடம் அதைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நான் தொடங்கிய பத்திரிகை, என் பெயர் போட்ட பத்திரிகை. கோபிக்க எல்லா உரிமையும் இருப்பதாக ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் கேட்டதில் பிழை எங்கே? பார்த்திராத ஒருத்தியை அவர் ஏன் நம்ப வேண்டும்?

அடுத்த நாள் காலை பஸ் ஏறினேன். செய்தியைக் கேட்கப் போகவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று சுகந்தியிடம் சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்க்கட்டும் என்று மட்டும் போனேன். கதவடியில் நின்று என் பெயரைச் சொன்னேன். எங்கே பிறந்தேன், கொழும்பில் என்ன செய்தேன், ஏன் திரும்பி வந்தேன் என்றெல்லாம் அவர் கேட்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். விஜயாவை வேலையிலிருந்து நிறுத்தியது உங்கள் பேப்பரால்தானே என்றும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நான் அசையாமல் நின்று அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அவர் உள்ளே போய் ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டார்.

"உக்காருங்க," என்றார்.